மதிய ரோஸ்டர்

மார்ச் 3
விமான நிலையத்தில் கருவி பராமரிக்கிற பையனுக்காக மனு கொடுத்தாயிற்று, அவனுக்குப் பிரதிநிதி நான்தான். முத்திரை வாங்கிய நகலை போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன், காணாமல் போகும் என்று தெரியும்.

மார்ச் 4
சார் கேட்ட முதல் கேள்வி: "பார்த்தா நல்லாத்தானேம்மா இருக்கான்?"
நல்லாத்தான் இருக்கிறான். காலை ஆறு மணிக்குப் பார்த்தால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். மதியம் இரண்டு மணிக்கு, ஓடுபாதை முனையைத் தாண்டி, இறங்கும் விமானத்துக்கு ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும் லோக்கலைசர் ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் நிற்கும்போது பார்க்க வேண்டும். மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ். நரம்பின் மேலுறை சேதமான இடத்தில், உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே சிக்னல் தடுமாறும். ஒரு கண் மங்கும், கால் கனக்கும். போன வாரம் மீட்டரின் எண்களை என்னைப் படிக்கச் சொன்னான். ஏசி அறைக்கு வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது. சரியானவனைத்தான் சார் பார்க்கிறார்.
கேட்டது இரண்டே வரி. வெளிவேலையைக் காலையில் போடுங்கள், நைட் ஷிஃப்ட்டைத் தொடர்ந்து போடாதீர்கள்.

மார்ச் 7
பதில் இல்லை.

மார்ச் 8
பயிற்சி வகுப்பு. சூரியகாந்திப் பூப் போட்ட பச்சைப் பட்டியைக் கழுத்தில் மாட்டி வரும் பயணியிடம் பொறுமையாகப் பேச வேண்டுமாம். வெளியே தெரியாத குறைபாடு இருக்கலாமாம். 2016இல் லண்டன் காட்விக் விமான நிலையத்தில் தொடங்கியது. நல்ல விஷயம்தான். எல்லாரும் குறிப்பெடுத்தார்கள், சாரும்.

மார்ச் 9
கூட்டம். நான் எப்போதும் உட்காரும் இடது ஓர நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் உட்கார வேண்டியதாயிற்று.
"பாதுகாப்பு சம்பந்தப்பட்ட துறை, நாளைக்கு மெடிக்கல்ல நிக்கலைன்னா?" என்றார் சார். எந்த மெடிக்கல்? சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓவின் உரிம விதிகள், அனெக்ஸ் 1, மூன்றாம் வகை மருத்துவத் தகுதி கேட்பது விமானங்களுக்கு வழிசொல்லும் கண்ட்ரோலரிடம், கருவி பராமரிக்கிறவனிடம் அல்ல. சொன்னேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 2006ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையில் இரண்டாவது பிரிவையும் படித்துக் காட்டினேன். நியாயமான ஏற்பாட்டை மறுப்பதே பாகுபாடுதான் என்று அதில் இருக்கிறது. நன்றாகத்தான் போனது என்று நினைத்தேன்.
வெளியே வந்ததும் அவன் கேட்டான். "அக்கா, டிரான்ஸ்ஃபர் ஓகேவான்னு கேட்டாங்க. நீங்க ஏன் தலையாட்டினீங்க?"

மார்ச் 10
இடது பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள்.

மார்ச் 12
மினிட்ஸ் வந்துவிட்டது. "பிரதிநிதியின் சம்மதத்துடன்." வேறு ஊர், வேறு பிரிவு. அவனுடைய டாக்டர் இங்கே, தெரிந்த வேலை இங்கே. அவனிடம் யாரும் கேட்கவில்லை. எனக்குக் கேட்கவில்லை. இந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கப் புரண்டேன்.

மார்ச் 13
திருத்தம் கேட்டால் காரணம் எழுத வேண்டும். "சரியாகக் காதில் விழவில்லை" என்று எழுதலாம், யாருக்கும் நடக்கிறதுதான். ஆனால் சார் நம்ப மாட்டார், எல்லார் முன்னாலும் தலையாட்டியிருக்கிறேன். உண்மைக் காரணத்தை எழுதினால் சான்றிதழ் எங்கே என்பார். இருக்கிறது. பதினோரு வருஷமாக பீரோவில், துணிக்கு அடியில். "மறைக்காதே, எழுதிக் கொடு" என்று அவனைத் தள்ளிவிட்டது நான்தான். அவன் ஒரே நாளில் எழுதிக் கொடுத்தான்.
அந்தப் பச்சைப் பட்டி கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

மார்ச் 15
மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். பீரோ சாவியைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 16
அவனுக்கு நாளைக்கும் மதிய ரோஸ்டர்தான்.