மூன்று டன் கேரவனோடு நல்லர்போர் சமவெளியில்

தெற்கு ஆஸ்திரேலியாவின் செடூனாவிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்ஸ்மன் வரை சுமார் 1,200 கிலோமீட்டர். நல்லர்போர் சமவெளியைக் கடக்கும் ஐர் நெடுஞ்சாலை. எங்களிடம் இருந்தது 4.5 லிட்டர் வி8 டீசல் டொயோட்டா லேண்ட் குரூஸர் 200, பின்னால் இழுத்துச் செல்லும் வீடு போல கிட்டத்தட்ட மூன்று டன் எடையுள்ள கேரவன். இந்த வண்டி 3,500 கிலோ வரை இழுக்கும், டார்க், அதாவது எஞ்சினின் முறுக்குவிசை, 650 நியூட்டன் மீட்டர். அதனால் இழுவையைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. கேரவனை மாட்டும் கொக்கியில் இறங்கும் எடையும் பிரேக்கும்தான் என் கவனத்தில் இருந்தன.

கிளம்பும் முன் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தோம். கேரவன் எடையில் ஏறக்குறைய பத்து சதவீதம் கொக்கியில் இறங்கினால்தான் அது நேராகப் பின்தொடரும். குறைந்தால் வால் ஆட ஆரம்பித்துவிடும். எங்கள் கணக்கில் அது 300 கிலோ. இந்த 300 கிலோவும் வண்டி சுமக்கும் பாரத்தில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். லேண்ட் குரூஸர் சுமக்கக்கூடியதே அறுநூறு கிலோ சொச்சம்தான். பாதி அங்கேயே போய்விட்டது. மீதியில் நாலு பேர், முன்பக்கப் பாதுகாப்புக் கம்பியான புல் பார், ஐஸ்பெட்டி எல்லாம் அடங்க வேண்டும். கருவிப் பெட்டியையும் தண்ணீர் கேன்களையும் கேரவனுக்கு மாற்றி, அச்சுக்கு நேர் மேலே வைத்தோம். கேரவனின் பின்கோடியில் எதையும் வைக்கவில்லை.

சாலையில் எதிரே ரோடு ட்ரெயின்கள், அதாவது பல டிரெய்லர்களை இழுக்கும் லாரிகள், வரும். முப்பது மீட்டருக்கு மேல் நீளம். அவை நெருங்கும்போது காற்று நம்மை வெளியே தள்ளும், கடந்த மறுநொடி உள்ளே இழுக்கும். ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்துக்கொண்டு அப்படியே போனால் போதும். கேரவன் ஆட ஆரம்பித்தால் காரின் பிரேக்கை மிதிக்கக்கூடாது, ஸ்டியரிங்கை வெட்டவும் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, டாஷ்போர்டில் இருக்கும் கன்ட்ரோலரின் நெம்புகோலால் கேரவனின் பிரேக்கை மட்டும் பிடிக்க வேண்டும். பின்னாலிருந்து யாரோ பிடித்து நிறுத்தியது போல அது நேராகிவிடும். ஓட்டப்போகும் ஒவ்வொருவரும் அந்த நெம்புகோலைக் கண்ணால் தேடாமல் கை வைக்கப் பழகிக்கொள்ள வேண்டும். நானும் மனைவியும் ஒரு காலி மைதானத்தில் அதைத்தான் முதலில் பழகினோம்.

பின்னால் வரும் லாரிக்காரர்களோடு வண்டியின் இருவழி ரேடியோவில் 40ஆம் சேனலில் பேசலாம். "தாராளமா வாங்க" என்று சொல்லிவிட்டு ஒரே வேகத்தில் போவேன். லாரி முழுதாக வலப்பக்கம் வந்த பிறகுதான் வேகத்தைக் கொஞ்சம் குறைப்பேன். முன்கூட்டியே குறைத்தால் அவர்களுக்கு அது தொந்தரவு.

யூக்ளாவைத் தாண்டியதும் சாலை ரோ சமவெளிக்கு இறங்குகிறது. சரிவு தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, எஞ்சின் பிடிப்பிலேயே இறங்கினோம். பிரேக் சூடாகவே இல்லை. மடூராவில் திரும்பவும் ஏற்றம். அங்கே டீசலின் அருமை தெரிந்தது. குறைந்த சுழற்சியிலேயே முறுக்கு கிடைப்பதால் எஞ்சின் அலறாமல் ஏறியது. ஆனாலும் கியர்பாக்ஸ் ஆயிலின் வெப்பத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டேன். கனத்தை இழுக்கும்போது எஞ்சினுக்கு முன்பே களைத்துப்போவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்தான்.

அப்புறம் கைகூனாவிலிருந்து பல்லடோனியா பக்கம் 146.6 கிலோமீட்டர் வளைவே இல்லாத சாலை. எதிர்க்காற்று வேறு. 90இலேயே போனோம், அப்படியும் நூறு கிலோமீட்டருக்கு 22 லிட்டரைத் தாண்டியது. இரண்டு டேங்கிலும் சேர்த்து 138 லிட்டர் கொள்ளும் என்றாலும், ஒவ்வொரு பங்கிலும் நிரப்பிக்கொள்வதே சரி.

நிற்கும் இடத்திலெல்லாம் கேரவனின் வீல் ஹப்களைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்போம். நாலும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங் போகிறது, அல்லது பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பல்லடோனியாவில் இடது பின்சக்கரம் மற்றவற்றைவிடக் கொஞ்சம் சூடாகத் தெரிந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கிச் சுற்றிப் பார்த்ததில் பிரேக் லேசாக உரசியது. அட்ஜஸ்டரை இரண்டு பல் தளர்த்தியதும் சக்கரம் தாராளமாகச் சுற்றியது. நார்ஸ்மனில் தொட்டுப் பார்த்தபோது நாலும் ஒரே சூடு. அங்கிருந்து தெற்கே எஸ்பரன்ஸுக்குத் திரும்பினோம்.