பிலிம் காலத்து லென்ஸைத் தூக்கிப் போடாதீர்கள்

பிலிம் கேமராவோடு போட்டோ எடுப்பதை விட்டவர்கள், மிரர்லெஸ் டிஜிட்டல் கேமரா ஒன்று வாங்கி மறுபடி ஆரம்பிக்கும்போது அடுத்த மாதமே இன்னொரு லென்ஸுக்கு அலைகிறார்கள். அதற்கு முன்னால் பீரோவைத் திறந்து பாருங்கள். உள்ளே கிடக்கும் பழைய 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ், அதைக் கேமராவோடு இணைக்கும் ஒரு அடாப்டர் இருந்தால் போதும், புதிய கேமராவில் அருமையாக வேலை செய்யும்.

முதலில் சோதனை. இரண்டு மூடிகளையும் கழற்றி, அப்பர்ச்சரை (வெளிச்சம் நுழையும் துவாரம்) முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். தூசி தெரிந்தால் கவலை வேண்டாம், படத்தில் வராது. சிலந்தி வலை மாதிரி கிளைவிட்டிருந்தால் அது பூஞ்சை. ஓரத்தில் கொஞ்சம் இருந்தால் சமாளிக்கலாம். நடுவில் பரவியிருந்தால் வெளிச்சத்துக்கு எதிராக எடுக்கும் படமெல்லாம் வெளிறிப் போகும்.

அடாப்டருக்குள் கண்ணாடி கிடையாது, வெறும் உலோக வளையம்தான். ஆனால் அதன் கனம் துல்லியமாக இருக்க வேண்டும். லென்ஸ் மாட்டும் வாயை மவுண்ட் என்பார்கள். நிக்கான் எஃப் மவுண்ட்டுக்கும் பிலிமுக்கும் இடையே 46.5 மி.மீ.; சோனி இ மவுண்ட்டில் சென்சார் வரை 18 மி.மீ. மீதி 28.5 மி.மீ.யை அடாப்டர் நிரப்புகிறது. இது 0.1 மி.மீ. கூடிவிட்டால், 50 மி.மீ. லென்ஸை இன்ஃபினிட்டி (மிகத் தொலைவு) வரை திருகினாலும் ஃபோகஸ் 25 மீட்டரிலேயே நின்றுவிடும். 28 மி.மீ. லென்ஸ் என்றால் 8 மீட்டரைத் தாண்டாது. மலையும் கோபுரமும் மசமசவென்று வந்தால் லென்ஸைக் குறை சொல்லாதீர்கள், அடாப்டரை மாற்றுங்கள். கொஞ்சம் குட்டையான அடாப்டர் பரவாயில்லை. இன்ஃபினிட்டி குறிக்கு முன்பே ஃபோகஸ் கிடைத்துவிடும், அவ்வளவுதான்.

எம்42 எனும் திருகி மாட்டும் வகை லென்ஸ்களில் ஒரு சிக்கல் உண்டு. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குச்சியை அழுத்தினால்தான் சில லென்ஸ்களில் அப்பர்ச்சர் மூடும். உட்பக்கம் விளிம்பு வைத்த அடாப்டரைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லையென்றால் எஃப்/8 வைத்தாலும் லென்ஸ் எஃப்/2-லேயே திறந்து கிடக்கும்.

மாட்டியதும் ஷட்டர் இயங்காது. லென்ஸே இல்லை என்று கேமரா நினைக்கிறது. மெனுவில் 'லென்ஸ் இல்லாமல் ஷட்டர்' என்ற பொருளில் இருக்கும் அமைப்பை ஆன் செய்யுங்கள். பாடியில் ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி) இருந்தால் ஃபோகல் லெங்த்தை (லென்ஸின் மி.மீ. எண்) கையால் கொடுக்க வேண்டும். பிலிம் ஃபிரேமைவிடச் சின்னதான ஏபிஎஸ்-சி சென்சாரில் 50 மி.மீ. 75 போலத் தெரியும். ஆனாலும் இங்கே 50 என்றே கொடுங்கள்.

ஃபோகஸ் பீக்கிங்கை (ஃபோகஸான விளிம்புகளைக் கலர் கோடாகக் காட்டும் வசதி) மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். எஃப்/8-ல் கண், காது, பின்சுவர் எல்லாமே சிவப்புக் கோடாக மின்னும். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, வ்யூஃபைண்டரில் பெரிதாக்கி, கண்ணிமையில் ஃபோகஸ் வைத்துவிட்டு, வளையத்தை 'க்ளிக்' எண்ணியபடி மூடுங்கள். பழகிய விரலுக்கு இது இரண்டு நொடி வேலை.

பிலிம்காரர்களின் கை பழக்கத்தில் தவறு செய்யும் இடம் எக்ஸ்போஷர், அதாவது படத்துக்கு விடும் வெளிச்சத்தின் அளவு. கலர் நெகட்டிவில் ஒரு ஸ்டாப் (இரு மடங்கு வெளிச்சம்) கூடினாலும் பிரிண்ட் நன்றாகவே வரும். அதனால் 'சந்தேகமா, கூட்டி வை' என்பது பழக்கமாகிவிட்டது. சென்சாரில் அது தலைகீழ். நிழலை ஓரளவு மீட்கலாம், வெளிறிப் போன வெள்ளையை மீட்கவே முடியாது. ஸ்லைடு பிலிம் போட்டவர்களுக்கு இந்த ஒழுக்கம் ஏற்கனவே தெரியும்.

இருட்டான திண்ணையில் வெள்ளை வேட்டி கட்டியவர் உட்கார்ந்திருக்கிறார் என்று வையுங்கள். கேமரா திண்ணையைக் கணக்கில் எடுத்து எக்ஸ்போஷரைக் கூட்டும். வேட்டியின் மடிப்புகள் மறைந்து வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்து மைனஸ் 1 வையுங்கள். ஃபிரேம் முழுக்க வேட்டி என்றால் கதை வேறு, கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். பிளஸ் 1 தேவை. ஜீப்ரா கோடுகளை (அதிக வெளிச்சமான இடத்தில் திரையில் தெரியும் வரிகள்) ஆன் செய்து, வேட்டியில் கோடு மறையும்வரை குறைத்து, ரா ஃபைலில் (சென்சார் பதிவை அப்படியே வைக்கும் ஃபைல்) எடுத்தால் மடிப்புகள் தப்பும்.

ஒயிட் பேலன்ஸை (நிறச் சமன் அமைப்பு) ஆட்டோவில் விடாமல் 'டேலைட்'டில் வையுங்கள். டேலைட் பிலிம் காட்டிய மாலைப் பொன்னிறம் அப்படியே கிடைக்கும். ஆட்டோ அதைக் கழுவிவிடும்.

பழைய லென்ஸ் திரும்ப அந்தத் தோல் உறைக்குள் போகக் கூடாது. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பூஞ்சைக்கு அதைவிடத் தோதான இடம் இல்லை. ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஹைக்ரோமீட்டர் (ஈரப்பத மானி) போதும்; ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

பழைய பிளாஷை மட்டும் நேராக ஹாட் ஷூவில் (கேமராவின் தலையில் பிளாஷ் மாட்டும் இடம்) செருகாதீர்கள். சிலவற்றின் டிரிகர் வோல்டேஜ் (கேமராவைத் தொடும் முனைகளில் இருக்கும் மின்னழுத்தம்) 200 வோல்ட்டையும் தாண்டும், புதிய கேமராவின் சர்க்யூட் போய்விடக்கூடும். பிளாஷை ஆன் செய்து, அடியிலுள்ள நடு முள்ளுக்கும் பக்கவாட்டு உலோகத்துக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். கேமரா கையேட்டில் அளவு சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். சொல்லவில்லையென்றால் 24 வோல்ட்டுக்கு மேல் காட்டும் எதையும் மாட்ட வேண்டாம்.