ஸ்கேனில் தெரியாத கொழுப்பு

"ஸ்கேன்ல தெரியாதுன்றீங்க. அப்ப இருக்குதுன்னு எப்படி மேடம் சொல்றீங்க?"

சதைக்குள் ரத்தக் குழாயைச் சுற்றி ஒட்டியிருக்கும் கொழுப்பைப் பற்றி, என்னிடம் வந்த சர்க்கரை நோயாளி ஒருவர் கேட்டது இது. இந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் போதுமா என்று இன்னமும் யோசிக்கிறேன்.

காசிமேட்டில் மீன் கூடை தூக்குபவர். கை கால் ஒல்லி, வயிறு மட்டும் லேசாகத் தள்ளியிருக்கும். சாப்பிட்ட பின் சர்க்கரை 280. திருட்டுத்தனமாக இனிப்பு தின்கிறார் என்று வீட்டில் பேச்சு. "டீக்கே சக்கரை போட மாட்டேன் மேடம்" என்று சொல்லும்போது குரல் உடைந்தது. அதனால்தான் விளக்கினேன்.

சாப்பிட்டதும் சுரக்கும் இன்சுலின், சதைக்குப் போகும் நுண்ணிய ரத்தக் குழாய்களையும் விரித்து விடுகிறது. குழாயைச் சுற்றி ஒட்டியிருக்கும் கொழுப்பு நல்லபடியாக இருந்தால் அடிபோனெக்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து அதற்கு உதவும். கெட்டுப்போனால் அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கும். குழாய் சரியாக விரியாது, சர்க்கரையும் சதைக்குச் சரியாகப் போய்ச் சேராது. "தண்ணி லாரி வந்து நின்னாலும் சந்துக்குள்ள நுழைய முடியலைன்னா எப்படி, அப்படித்தான் அண்ணா" என்றேன். உடனே புரிந்துகொண்டார். ஸ்கேன் கேள்வி அப்புறம்தான் வந்தது.

"எலியில பார்த்திருக்காங்க" என்றேன். உண்மைதான். யுட்கின், எரிங்கா, ஸ்டெஹவர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2005இல் லான்செட் மருத்துவ இதழில் இதை ஒரு கருதுகோளாக முன்வைத்தார்கள். பருத்த எலிகளின் தசையில், சிறு தமனி பிரியும் இடத்தைச் சுற்றிக் கொழுப்பு வளையம்போல் படிந்திருந்ததுதான் அதற்குத் தொடக்கம். பின்னால் சுண்டெலிகளில், ஒல்லியானவற்றின் கொழுப்பு பக்கத்தில் இருந்தபோது இன்சுலினுக்குத் தசைக் குழாய் விரிந்தது. நீரிழிவுள்ளவற்றின் கொழுப்பு இருந்தபோது விரியவில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவரின் தொடைக்குள் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லையே.

இருந்தாலும் ஆதாரமே இல்லாமல் பேசவில்லை. நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வருகிறது. உடல் நிறை எண் (பிஎம்ஐ) 23 தாண்டினாலே அதிக எடை என்று கொள்கிறோம். ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இவருக்கு 94.

தினம் நடக்கச் சொன்னதும் அவர் கேட்டதுதான் என்னை மடக்கியது. "கூடை தூக்குறவனுக்கே வருதுன்னா, நடந்து என்ன ஆவப் போவுது?" சதை வேலை செய்யும்போது இன்சுலின் இல்லாமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்று அப்போதுதான் சொல்லியிருந்தேன். விடியற்காலையில் பாரம், அப்புறம் பகல் முழுக்கத் தூக்கம், உட்கார்ந்தபடியே பொழுது. அதனால் இருக்கலாம் என்றேன். அந்த 'லாம்' எனக்கே பலவீனமாகத்தான் கேட்டது.

அவருக்கு அது பெரிதாகப் படவில்லை. மனைவியைத் திரும்பிப் பார்த்து, "கேட்டியா, நான் திருடித் தின்னல" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே சொன்னது சரி என்று சில நாள் தோன்றும். நிரூபிக்க முடியாத காரணத்தை வைத்து ஒருவருக்கு நிம்மதி கொடுக்கலாமா என்று வேறு சில நாள் தோன்றும். இப்போது அவருடைய மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி இறங்கியிருக்கிறது. மெட்ஃபார்மின் மாத்திரையும் ஒழுங்காகப் போடுகிறார், அதனால் என் விளக்கத்துக்கு அது சாட்சி ஆகாது.

போன முறை மனைவி கேட்டார், "எனக்கும் அந்தக் கொழுப்பு இருக்குமா மேடம்?" இடுப்பை அளந்தேன், ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன். எலிகளைப் பற்றி இந்த முறை வாய் திறக்கவில்லை. அவருக்குச் சொன்னதை இவரிடம் ஏன் சொல்லவில்லை என்று எனக்கே தெரியவில்லை.