ஸ்கிரிப்ட் இல்லாத பேக்கேஜ்: இதுவரை வந்த வடிவம்

லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையம்), மஸ்ல் (சி மொழி நூலகம்), பிஸிபாக்ஸ் (அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பு) மூன்றையும் சேர்த்துக் கட்டிய ஒரு சின்ன இயங்குதளம் என் பழைய லேப்டாப்பில் ஓடுகிறது. மென்பொருள் வேண்டுமென்றால் டார் கோப்பை (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய மூட்டை) எடுத்து ரூட் டைரக்டரியில் விரித்துவிடுவேன். போடுவது சுலபம்தான். எடுக்கப் போனால் எந்தக் கோப்பு எதனுடையது என்றே தெரியாது. அதனால் சொந்தமாக ஒரு பேக்கேஜ் வடிவம், அதாவது ஒரு மென்பொருளின் கோப்புகளையும் விவரங்களையும் ஒன்றாகக் கட்டும் முறை, எழுத உட்கார்ந்தேன். மார்த்தாண்டத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நண்பன் கேட்டான்: "டெப் இருக்கும்போ இது எதுக்குலே மக்கா?"

நியாயமான கேள்வி. டெபியன் லினக்ஸின் பேக்கேஜான டெப் கோப்பு என்பது வெளியே ஏஆர் என்ற கோப்பு உறை, உள்ளே மூன்று உருப்படிகள்: 2.0 என்று எழுதிய சிறு கோப்பு, விவரங்களுக்கு ஒரு டார், நிறுவ வேண்டிய கோப்புகளுக்கு இன்னொரு டார். டெபியன் கருவிகள் இல்லாத கணினியிலும் அதைப் பிரித்துப் பார்க்கலாம். அந்த நல்ல குணம் எனக்கும் வேண்டும். வேண்டாதது அதன் ஸ்கிரிப்டுகள், அதாவது பேக்கேஜோடு வந்து தானாக ஓடும் சிறு நிரல்கள். நிறுவும் முன், பின், நீக்கும் முன், பின் என்று நாலு வரலாம். நாலும் ரூட் அதிகாரத்தில் (கணினியின் முழு அதிகாரம்) ஓடும். ஒரு எழுத்துரு பேக்கேஜுக்கு டிஸ்க்கையே அழிக்கிற அதிகாரம் எதற்கு?

உள்ளமைப்பில்தான் அதிக நேரம் போனது. பேக்கேஜில் உள்ள கோப்புகளின் பட்டியல் முன்னால் இருக்க வேண்டும். அது டிஜிட்டல் கையொப்பத்தோடு, சுருக்கப்படாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் சரிபார்க்கும் முன் எதையும் விரிக்கத் தேவையில்லை. ஜிப் கோப்பில் பட்டியல் கடைசியில் இருப்பதால், வரவரப் படித்துக்கொண்டே போக அது ஒத்துவரவில்லை. சரி, பட்டியலை முன்னால் ஒட்டினால் வேறு கருவிகளால் திறக்க முடியாதே? வழி, கோப்புகளைச் சுருக்கும் முறையான இசட்ஸ்டாண்டர்டின் விவரக்குறிப்பான ஆர்எஃப்சி 8878-இலேயே கிடந்தது. அதில் ஸ்கிப்பபிள் ஃப்ரேம் என்று ஒன்று உண்டு. நாலு பைட் குறி, நாலு பைட் நீளம், அப்புறம் நாம் எதை வேண்டுமானாலும் வைக்கலாம்; விரிக்கும் கருவி அதைப் படிக்காமல் தாண்டிவிடும். பட்டியலையும் 64 பைட் எட்25519 கையொப்பத்தையும் அதற்குள் வைத்தேன். பின்னால் வழக்கமான டார். இப்போது எந்த லினக்ஸிலும் சாதாரண இசட்ஸ்டாண்டர்டு, டார் கட்டளைகளே என் பேக்கேஜைத் திறக்கின்றன. இது எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.

கையொப்பம் பட்டியலுக்கு மட்டும்தான். ஒவ்வொரு கோப்புக்கும் உரிய ஷா-256 ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) பட்டியலில் இருப்பதால் மற்றவை தானாக அதில் அடங்கிவிடும்.

அடுத்தது கரண்டு. இரண்டு பருவமழையும் பெய்கிற கன்னியாகுமரி மாவட்டம் இது. குலசேகரம் பக்கம் ஆனி, ஆடியில் காற்றடித்தால் ரப்பர் மரக் கொம்பு முறிந்து லைனில் விழும். என் லேப்டாப்பில் பேட்டரி செத்துப்போய் வருஷமாகிறது. ஆக, நிறுவல் பாதியில் நிற்பதை வழக்கமான விஷயமாகவே எடுத்துக்கொண்டேன். கோப்புகளை அதே கோப்பமைப்பில் ஒரு தற்காலிக இடத்தில் எழுதி, ஹாஷ் பார்த்து, எஃப்சிங்க் செய்து (நினைவில் இருப்பதை டிஸ்க்கில் எழுதவைத்து), பிறகு உரிய இடத்துக்கு ரீநேம். ஒரு கோப்பின் ரீநேம் பாதியில் நிற்காது. பேக்கேஜ் முழுவதற்கும் அந்த உத்தரவாதம் இல்லை. அதற்காக, செய்யப்போகும் ரீநேம்களை முதலில் ஒரு குறிப்பில் எழுதிவிடுகிறேன். மறுபடி பூட் ஆகும்போது மிச்சம் இருப்பது முடிக்கப்படும். நிறுவும் நிரலை மட்டும் கொன்று இதைச் சோதித்துப் பயனில்லை, கெர்னல் நினைவில் இருப்பது எப்படியும் டிஸ்க்குக்குப் போய்விடும். க்யூஎமு மெய்நிகர் கணினியையே சட்டென்று கொன்றேன். டைரக்டரிக்கும் எஃப்சிங்க் வேண்டும் என்பதை அது நன்றாகவே காட்டியது.

தமிழ்க் கோப்புப் பெயர்கள் தனி கூத்து. எழுத்துகளைப் பைட்டாக்கும் முறையான யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். புள்ளிக்கும் துணையெழுத்துக்கும் தனிக் கணக்கு என்பதால் 'கன்னியாகுமரி' மட்டுமே 36 பைட் தின்கிறது. பழைய யூஸ்டார் வகை டாரின் தலைப்பில் கோப்புப் பெயருக்கு 100 பைட்தான். ஆகவே நீளப் பெயர்களை ஏற்கும் பாக்ஸ் வகை டார். இன்னொன்று: ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் ஒன்றுபோலத் தெரியும். கெர்னலுக்கு அவை இரண்டு வேறு கோப்புகள். பட்டியலில் அதை ஒரே குறியீடாக எழுதும் என்எஃப்சி வடிவம் மட்டுமே செல்லும், மற்றதைக் கட்டும் கருவியே மறுத்துவிடும் என்று விதி வைத்தாயிற்று.

ஸ்கிரிப்டுக்குப் பதில் அறிவிப்புகள்: இந்தப் பயனர் வேண்டும், இந்த டைரக்டரி வேண்டும், இந்தச் சேவை ஓட வேண்டும். அவ்வளவே. முதல் சோதனை லோகித் தமிழ் எழுத்துரு. எழுத்துரு டைரக்டரியில் ஏதாவது மாறினால், எல்லாம் முடிந்தபின் இயங்குதளமே ஒருமுறை கேஷை (சேமித்துவைத்த எழுத்துரு விவரங்களை) புதுப்பித்துக்கொள்ளும். டெபியனின் ட்ரிகரிலிருந்து எடுத்த யோசனைதான்.

பயனர் திருத்திய அமைப்புக் கோப்புகள் (செட்டிங்ஸ்) இன்னும் பாக்கி. முன்பு வந்தது, இப்போது டிஸ்க்கில் இருப்பது, புதிதாக வருவது என மூன்று ஹாஷையும் ஒப்பிட வேண்டும். முதல் இரண்டும் ஒன்றென்றால் பேசாமல் மாற்றிவிடலாம். மூன்றும் வேறு வேறு என்றால் புதியதைப் பக்கத்தில் வேறு பெயரில் வைத்துவிட்டுப் பயனருக்குச் சொல்வதாக இப்போதைக்கு வைத்திருக்கிறேன். நண்பன் கேட்ட தமிழ்99 விசைப்பலகை பேக்கேஜில் அதை ஓட்டிப் பார்க்க வேண்டும்.