செடியா, அறையா?

எங்கள் கஞ்சாக் கூடத்தின் கிழக்குப் பகுதியை அந்த வியாழக்கிழமை வெட்டியது சரிதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி எழுதப்போவதைப் படிப்பவர்களுக்கு நானே அதைச் சந்தேகிப்பதாகத் தோன்றலாம். சந்தேகம் இருக்கிறது. வெட்டியதைப் பற்றியா, வெட்டுவதற்கு நான் சொன்ன காரணத்தைப் பற்றியா என்பதுதான் பிடிபடவில்லை.

கனடாவில் கஞ்சா 2018 அக்டோபர் 17 முதல் சட்டபூர்வமான பயிர். ஒன்ராறியோவின் தென்மேற்கு மூலையில், ஈரி ஏரிக்கரைப் பக்கம், தக்காளியும் குடைமிளகாயும் விளைந்த கண்ணாடிக் கூடங்கள் சில அதற்கு மாறின. நான் வேலை பார்ப்பது அப்படி மாறிய ஒன்றில். அறுவடை நாளைக் குறித்துக் கையெழுத்திடுவது என் பொறுப்பு.

பூ முதிர்ந்துவிட்டதா என்பதற்குப் பலரும் பார்ப்பது சூல்முடியை, அதாவது பூவிலிருந்து நீளும் மெல்லிய இழையை. வெள்ளையாக நீட்டிக்கொண்டிருப்பது சுருண்டு செம்பழுப்பானால் வெட்டலாம் என்பார்கள். நான் அதை நம்புவதில்லை. சூடு பட்டாலும், கை உரசினாலும், எங்கிருந்தோ மகரந்தம் வந்து ஒட்டினாலும் அது பழுக்கும். லென்ஸ்தான் சாட்சி. வெறுங்கண்ணுக்கு வெள்ளைப் பொடியாகத் தெரியும் பிசின் சுரப்பிகள் லென்ஸில் தலையும் காம்புமாகப் பிரிந்து நிற்கும். தலை தெளிந்திருந்தால் காத்திருக்க வேண்டும். பால் நிறமானால் வெட்டலாம். தேன் நிறம் பரவினால் போதை தரும் டி.எச்.சி. சிதைந்து, வீரியம் குறைந்த சி.பி.என். ஆகத் தொடங்கிவிட்டது என்று கொள்கிறோம். இதையும் இலையில் பார்த்தால் ஏமாந்துபோவோம், அங்கே முந்திப் பழுக்கும். பூவடிச் செதிலில் பார்க்க வேண்டும். அதிலும் எந்தப் பூவில்? உச்சிப் பூ ஒன்று சொல்லும், விளக்கொளி எட்டாத கீழ்ப்பூ வேறு சொல்லும். ஒரே செடிக்கு இரண்டு வயது.

அன்றும் அப்படித்தான். பூக்கவைத்து எட்டு வாரம் கடந்திருந்தது. உச்சியில் ஏறக்குறைய எல்லாம் பால் நிறம், அங்கங்கே தேன். இடுப்பளவுக்குக் கீழே பாதி இன்னும் தெளிவு. மேகமூட்டம் விலகவில்லை, இரவில் ஈரப்பதம் ஏறிக்கொண்டிருந்தது. சுவரோரம் இரண்டு பூங்கொத்துகளில் சாம்பல் பூஞ்சை. அது உள்ளிருந்து அழுகும் நோய். கொத்தின் நடுவில் ஒற்றை இலை வாடித் தொங்கினால்தான் வெளியே தெரியும். இவற்றோடு, உலர்த்தும் அறை முந்தின நாள்தான் காலியாகியிருந்தது. நாங்கள் நிரப்பாவிட்டால் அடுத்த வாரம் மேற்குப் பகுதி வந்து நிரப்பிவிடும். பிறகு அது உலர்ந்து வெளியேறும்வரை எங்கள் பூக்கள் செடியிலேயே நிற்க வேண்டியதுதான்.

அண்ணை லென்ஸை வாங்கி நடுக்கிளையைப் பார்த்தார். இளமையில் யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டம் செய்தவர். இலையை மடித்து, அது நொறுங்கும் விதத்தில் முதிர்ச்சி சொல்லக்கூடியவர். இங்கே அவர் எனக்குக் கீழே வேலை பார்க்கிறார். ஏன் அப்படி என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை.

"தம்பி, இன்னும் நாலைந்து நாள் விடலாம். இல்லாவிட்டால் மேலே மட்டும் வெட்டுவோம். வெளிச்சம் கிடைத்தால் கீழ்ப்பூ தேறிவிடும்."

"அறை காலியாக இருக்கிறது, அண்ணை."

"அது தெரியும். வெட்டச் சொல்வது செடியா, அறையா?"

"இரண்டும்தான்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு ஆட்களைக் கூப்பிடப் போனார்.

அவர் வாதாடியிருந்தால் இதை எப்போதோ மறந்திருப்பேன். பூஞ்சையைச் சொல்லியிருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது. அதற்கு அவரால் மறுப்புச் சொல்லியிருக்க முடியாது. அந்த இரண்டு கொத்துகளையும் வெட்டி எடைபோட்டுக் கழிவில் சேர்த்தவரே அவர்தான். ஆனால் என் வாயில் முதலில் வந்தது அறை. முதலில் வருவதுதான் உண்மையான காரணமா? அவசியமில்லை. கைக்கு எட்டியதைச் சொல்வதும் மனித வழக்கம்தான். இப்படி என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன், சில நாள் அது பலிக்கிறது.

மேலே மட்டும் வெட்டும் யோசனை நல்ல யோசனை. வீட்டில் நான்கு செடி வைத்திருப்பவர் தாராளமாகச் செய்யலாம். எங்களுக்கு அது இரண்டு தொகுதிகளாகிவிடும். தொகுதிக்குத் தொகுதி தனிப் பரிசோதனை, தனிப் பதிவேடு. கீழ்ப்பூவின் மதிப்பு அந்தச் செலவுக்குத் தாங்காது என்று கணக்குப் போட்டேன். மனக்கணக்குதான். மேலாளரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பொதியின் அட்டையில் அச்சாகும் டி.எச்.சி. சதவீதத்தைத் தாண்டி அவர் யோசித்திருக்க மாட்டார். வாங்குபவர்களும் அதைத்தானே பார்க்கிறார்கள். தேன் நிறம் கூடினால் தூக்கம் வரும், குறைந்தால் உற்சாகம் வரும் என்று ஆளாளுக்குச் சொல்லும் கதைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அண்ணை பேசியது அதைப் பற்றியல்ல.

பரிசோதனை முடிவு வந்தது. பூஞ்சை எண்ணிக்கை வரம்புக்குள், சதவீதம் வழக்கம்போல். இதை வைத்து நான் ஜெயித்ததாகச் சொல்ல முடியாது. நாலைந்து நாள் விட்டிருந்தால் என்ன வந்திருக்கும் என்று காட்ட அந்தப் பகுதிக்கு இரட்டைப் பிறவி எதுவும் இல்லை. கூடியிருக்கலாம், கால்வாசி அழுகியும் போயிருக்கலாம். இந்த வேலையில் அனுபவம் என்று சொல்வதில் பெரும்பங்கு இப்படி ஒப்பிட வழியில்லாத முடிவுகள்தான். எண்ணிக்கை கூடக் கூட நம்பிக்கை கூடுகிறது. அறிவும் கூடுகிறதா என்று உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு ஒருநாள் தேநீர் இடைவேளையில் அவரிடமே கேட்டேன்: புகையிலையை மட்டும் என்ன, உலர்த்தும் கொட்டில் காலியாகும் நாள் பார்த்துத்தானே வெட்டியிருப்பீர்கள்?

சிரித்தார். "பின்னே? கொட்டில் பார்த்து, கூலியாள் பார்த்துத்தான் வெட்டினோம். ஆனால் யாருக்கும் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை, தம்பி."

அறுவடைப் படிவத்தில் 'காரணம்' என்றொரு கட்டம் உண்டு. அன்று அதில் 'முதிர்ச்சி' என்று எழுதியிருந்தேன். பொய்யல்ல, உச்சிப் பூக்கள் முதிர்ந்திருந்தன, படம் எடுத்துக் கோப்பில் வைத்திருக்கிறேன். 'அறை காலி' என்று எழுதினால் தணிக்கைக்கு வருபவர் என்ன நினைப்பார்? ஒருவேளை எதுவும் நினைக்க மாட்டார். எழுதிப் பார்க்கலாம்தான்.

அதே ரகம் அடுத்த சுற்றில் கிழக்குப் பகுதிக்கு மறுபடியும் வருகிறது. உலர்த்தும் அறைக்கான நாளை இப்போதே குறித்தாயிற்று. குறித்தது நான்தான், அண்ணை கேட்ட நாலைந்து நாளுக்குப் பதிலாக இரண்டு நாள் கூடுதலாக விட்டிருக்கிறேன். அந்த இரண்டும் எந்தக் கணக்கில் வந்தது என்று அவர் கேட்டால், மேற்குப் பகுதியின் அட்டவணை அதற்குமேல் இடம் தரவில்லை என்றுதான் சொல்லியாக வேண்டும்.