பூஞ்சணக் குறிப்புகள்: ஈஸ்ட் ஹாம், லண்டன்

27 அக்டோபர் 2025

இன்று முதல் இங்கிலாந்தில் அவாப் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. ரொச்டேலில் 2020 டிசம்பரில் இறந்த இரண்டு வயதுப் பிள்ளை அவாப் இஷாக்கின் பெயரில் வந்த சட்டம். வீட்டுப் பூஞ்சணத்தால் வந்த சுவாசக் கோளாறுதான் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணையில் முடிவானது. தகப்பன் 2017இலேயே முறைப்பாடு செய்திருக்கிறார், மேலே பெயின்ட் அடியுங்கள் என்று பதில். இனிமேல் சமூக வீடுகளில் (கவுன்சில், அதாவது உள்ளூராட்சி மன்றம், போன்றவை வாடகைக்கு விடுபவை) பாரதூரமான ஈரமும் பூஞ்சணமும் என்றால் 10 வேலைநாளுக்குள் வந்து பார்க்க வேண்டும், பார்த்து முடித்து 5 வேலைநாளுக்குள் ஆபத்தை நீக்க வேண்டும், அவசரம் என்றால் 24 மணித்தியாலம். சந்தோஷம். ஆனால் நாங்கள் இருப்பது தனியார் வாடகை வீடு, அதற்கு இது இன்னும் வரவில்லை.

2 நவம்பர்

மகளின் அறை அலுமாரியை இழுத்துப் பார்த்தோம். பின்பலகை ஈரத்தில் ஊதி, விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. சுவர் மூலையில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புப் புள்ளிகள், பள்ளிக்கூடக் கோட்டின் கழுத்தில் பச்சைத் தூள். பிளீச் போட்டுத் துடைத்த அதே இடம்தான். வீட்டுக்காரருக்குப் படம் அனுப்பினேன், வாட்ஸ்அப்பில் குரல் வந்தது: "தங்கச்சி, உடுப்பை உள்ளுக்க காயப்போட்டா இப்பிடித்தான் வரும், யன்னலைத் திறந்து விடுங்கோ." குளியலறை விசிறி வேலை செய்யவில்லை என்று மார்ச்சிலேயே சொன்னது அவருக்கு ஞாபகமே இல்லை. அப்ப ஹீற்றர் காசை நீங்களே கட்டுறீங்களோ அண்ணை என்று கேட்க வாய் உன்னியது, ஆனால் அவரும் ஊர்ப்பக்கத்து ஆள், கோயிலில் முகம் பார்க்க வேணும்.

12 நவம்பர்

இலவச சட்ட ஆலோசனைக்குப் போனேன். அந்தப் பெண் முதலில் சொன்னதே எனக்குப் புதிது. 1985இல் வேல்ஸில் ஒரு கவுன்சில் வீட்டு வழக்கில், கட்டடம் சேதமாகாமல் வெறும் நீராவி படிந்து வந்த பூஞ்சணம் வீட்டுக்காரர் திருத்த வேண்டிய "பழுது" ஆகாது என்று மேல் நீதிமன்றம் சொல்லிவிட்டதாம், கன காலம் வீட்டுக்காரர்கள் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தார்கள். 2018இல் வந்த சட்டம், 2019 மார்ச் 20 முதல் நடைமுறை, கேள்வியையே மாற்றிவிட்டது: வீடு மனிதர் இருக்கத் தகுந்ததா? ஈரம், காற்றோட்டம் எல்லாம் அதில் அடக்கம். தனியார் வீட்டுக்கும் பொருந்தும். சமைப்பதும் உடுப்புக் காயப்போடுவதும் வீட்டில் வாழ்கிற வாழ்க்கைதானே என்று அவர் சொன்னபோது எனக்கு அரைவாசிப் பாரம் இறங்கியது. அவாப் வீட்டாரையும் முதலில் உங்கள் வாழ்க்கை முறைதான் பிழை என்றுதானே சொன்னார்கள்.

15 நவம்பர்

கையெழுத்து வைத்த கடிதத்தை வீட்டுக்காரருக்கு ஈமெயிலிலும் தபாலிலும் அனுப்பினேன். எழுத்தில் இருந்தால்தான் பிறகு உதவும். விசிறி பற்றிய பழைய மெசேஜ், திகதியோடு படங்கள், மகளின் இருமலுக்கு ஜிபி (குடும்ப மருத்துவர்) எழுதிய இன்ஹேலர் சீட்டு எல்லாம் சேர்த்து. வழக்குக்கு முந்தைய விதிப்படி அவருக்குப் பதில் தர 20 வேலைநாள்.

தங்கை வாடகையை நிப்பாட்டு என்கிறாள். வேண்டாம். இரண்டு மாதம் பாக்கி விழுந்தால் அதையே காரணமாக வைத்து வெளியேற்றலாம், பூஞ்சணக் கதை பின்னுக்குப் போய்விடும்.

4 டிசம்பர்

கவுன்சிலில் இருந்து சுகாதார அதிகாரி வந்தார். ஈரமானியைச் சுவரில் குத்திப் பார்த்தார், அலுமாரி இருந்த இடத்தில் கன நேரம் குந்தியிருந்தார். முதல் வகை, அதாவது மிகப் பாரதூரமான, ஆபத்து என்று பதிந்தால் கவுன்சில் சும்மா இருக்க முடியாது, 2004 வீட்டுச் சட்டப்படி ஏதாவது நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும்.

எனக்குப் பயம் வேறு. காரணம் சொல்லாமலே எழுப்புகிற செக்‌ஷன் 21 நோட்டீஸ் அடுத்த வருடம் மே 1இல்தான் ஒழிகிறது, அதுவரை அவர் கையில் அந்தக் கத்தி இருக்கு. கவுன்சில் திருத்த உத்தரவு போட்டால் ஆறு மாதத்துக்கு அவர் அதைத் தர முடியாது. அதற்காகவே கவுன்சிலைக் கூப்பிட்டேன் என்றாலும் பிழையில்லை.

19 டிசம்பர்

உத்தரவு வந்துவிட்டது. வீட்டுக்காரர் போன் எடுத்து, "ஏன் தங்கச்சி கவுன்சிலுக்குப் போனனீங்கள், என்னட்டச் சொல்லியிருக்கலாமே" என்றார். சொன்னேன் அண்ணை, மார்ச்சில், நவம்பரில், கடிதத்தில்.

17 ஜனவரி 2026

விசிறி பூட்டியாயிற்று, மூலைச் சாந்தைக் கொத்தி எடுத்திருக்கிறார்கள், வீடெல்லாம் தூசி. அத்தோடு ஒரு கடதாசி நீட்டினார்: ஒரு மாத வாடகை குறைப்பாராம், இனி எந்த இழப்பீடும் கேட்க மாட்டோம், பிள்ளைக்கும் சேர்த்து, என்று கையெழுத்து வைக்க வேணுமாம். வக்கீலுக்கு அனுப்பினேன். வாடகைக் குறைப்பை ஏற்பது உங்கள் இஷ்டம், ஒப்பந்த மீறலுக்கு வழக்குப் போட ஆறு வருடம் இருக்கு, அவசரப்பட வேண்டாம் என்றார். உடல் பாதிப்புக்குப் பெரியவர்களுக்கு மூன்று வருடம், பிள்ளைக்கோ 18 வயதானதில் இருந்துதான் அந்த மூன்று வருடம் ஓடும். அவளுடைய உரிமையை நான் கையெழுத்துப் போட்டு விற்கவும் முடியாது, நீதிமன்றம் ஒப்புக்கொள்ள வேண்டும். இருமல் பூஞ்சணத்தால்தான் என்று காட்ட மருத்துவ அறிக்கை வேணும், அதற்குத்தான் இப்ப ஜிபியிடம் பதிவுகளைக் கேட்டிருக்கிறேன்.

அண்ணைக்கு எழுதினேன்: முதலில் வேலையை முடியுங்கோ, பிறகு கதைப்பம்.