மாத்திரைக்கு ஒரு வரிசை, டாக்டருக்கு ஒரு வரிசை

திங்கட்கிழமை காலை ஆரம்ப சுகாதார நிலையத்து ஓபி வரிசையைப் பார்த்தால் டாக்டர் போதவில்லை என்றுதான் தோன்றும். பல இடங்களில் அது உண்மையும்கூட. ஆனால் கூடுதல் பணியிடம் கேட்டு மேலே எழுதுவதற்கு முன்னால் இரண்டு வாரத்துக்கு ஒரு சின்ன வேலையைச் செய்து பார்க்கலாம். சீட்டு போடும் இடத்தில், ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் ஒரு குறி: புது உபாதை, பழைய பிரஷர் சுகர் மாத்திரை மட்டும், கட்டு அல்லது ஊசி, சான்றிதழ். கூடவே வந்த நேரம். அவ்வளவுதான். கம்ப்யூட்டர் வேண்டாம், கூடுதல் ஆள் வேண்டாம்.

இரண்டு வாரம் கழித்துச் சீட்டுகளைப் பிரித்து அடுக்கினால், மாத்திரைக்காக மட்டும் வந்தவர்களின் அடுக்கு எவ்வளவு உயரம் என்பது அந்த நிலையத்தில் வேலை செய்பவர்களையே திடுக்கிட வைக்கும். கணக்கு எளிது. இரண்டு டாக்டர்கள், மூன்று மணி நேரம், 180 நோயாளிகள் என்றால் ஆளுக்கு 2 நிமிடம். அதில் 70 பேர் மாத்திரைக்காக மட்டும் வந்தவர்களாக இருந்து, அவர்கள் வேறு வழியில் போய்விட்டால், மீதி 110 பேருக்கும் ஆளுக்கு மூன்றேகால் நிமிடம் கிடைக்கும். அந்த ஒன்றேகால் நிமிடத்தில்தான் ஷூவைக் கழற்றச் சொல்லிச் சுகர் இருப்பவரின் பாதத்தைப் பார்க்க முடிகிறது.

அந்த 'வேறு வழி' தமிழ்நாட்டில் புதிதல்ல. 2017இல் சூளகிரி, விராலிமலை, வேப்பூர் ஆகிய மூன்று வட்டாரங்களில் துணை சுகாதார நிலையங்களுக்குக் கூடுதல் செவிலியரும் மருந்தும் கொடுத்துச் சோதனை முயற்சி நடந்தது. பேறுகாலத்துக்கும் தடுப்பூசிக்கும் மட்டுமே திறந்திருந்த கட்டடங்களுக்குச் சாதாரண நோயாளிகளும் வர ஆரம்பித்தார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அதற்கு அடுத்த படி. சுய உதவிக் குழுவிலிருந்து வந்த பெண் தன்னார்வலர் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகிறார். ஆக வழி இருக்கிறது. ஒரு நிலையத்தின் அன்றாட வேலைக்குள் அதைப் பொருத்துவதில்தான் சிக்கல் எல்லாம்.

முதலில் சரிக்கட்ட வேண்டியவர் மருந்தாளுநர். மாற்றம் என்றதும் எல்லோரும் டாக்டரையும் செவிலியரையும் கூட்டி வைத்துப் பேசுவார்கள். மருந்தாளுநருக்குச் சுற்றறிக்கை மட்டும் போகும். அவர் பிரச்சினை வேறு. அரசு நிலையங்களுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மாவட்டக் கிடங்கிலிருந்து, நிலையத்துக்கு ஒதுக்கி பாஸ்புக்கில் எழுதியிருக்கும் தொகைக்குள் இண்டென்ட், அதாவது தேவைப் பட்டியல், போட்டு எடுத்துவர வேண்டும். சாதாரணமாகப் போன மாதச் செலவைப் பார்த்து அடுத்த மாத இண்டென்ட் போடுவார். விநியோக முறையை மாற்றும்போது போன மாதச் செலவு எதற்கும் உதவாது.

ஒரு மாத மாத்திரையை இரண்டு மாதமாக்கும் முடிவை எடுத்துக்கொள்வோம். பிரஷருக்குத் தினம் ஒரு அம்லோடிபின் மாத்திரை சாப்பிடுபவர்கள் 400 பேர். மாதம் 12,000 மாத்திரை போதும். எல்லோருக்கும் ஒரே மாதத்தில் இரண்டு மாத மாத்திரை கொடுத்தால் அந்த மாதம் 24,000 வேண்டும். மறு மாதம் ஒன்றும் வேண்டாம். அதற்கடுத்த மாதம் மறுபடி 24,000. முதல் மாதப் பாதியிலேயே ஸ்டாக் தீரும். ஆளைப் பாதிப் பாதியாகப் பிரித்தால் கதை வேறு. முதல் மாதம் 200 பேருக்கு 60, மீதி 200 பேருக்கு 30: மொத்தம் 18,000. அடுத்த மாதத்திலிருந்து சீராக 12,000. கூடுதலாகத் தேவைப்படுவது ஒரே ஒரு முறை, 6,000 மாத்திரை. இந்தக் கணக்கை முதல் கூட்டத்திலேயே பலகையில் எழுதிக் காட்டினால் மருந்தாளுநர் நம் பக்கம் வந்துவிடுவார். எழுதாமல் ஆரம்பித்த இடங்களில் முதல் தட்டுப்பாட்டோடு திட்டமும் படுத்துவிடும். துணை நிலையத்துக்கு இரண்டு முறை நடந்து இரண்டு முறையும் மாத்திரை இல்லை என்று திரும்பிய ஆள் மூன்றாவது முறை மெடிக்கல் ஷாப்புக்குத்தான் போவார். அவரைத் திரும்ப அழைத்துவருவது புது நோயாளியைக் கண்டுபிடிப்பதைவிடக் கஷ்டம்.

அடுத்தது நாள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது விதி. கட்டடம் பக்கத்தில் இருந்தாலும் பூட்டியிருந்தால் அது தூரம்தான். கிராம சுகாதார செவிலியருக்குப் புதன் தடுப்பூசி, இடையில் கூட்டம், வீட்டுச் சந்திப்பு. 'எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்' என்றால் எப்போதும் பூட்டுதான். வாரத்தில் ஒரு நாள், குறிப்பிட்ட இரண்டு மணி நேரம், மழையானாலும் திறந்திருக்கும் என்று கதவில் பெரிதாக எழுதி வைத்து, அந்த நேரத்தில் செவிலியரை எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடாமல் இருக்க வேண்டும். இந்தக் கடைசிப் பாதி வட்டார மருத்துவ அலுவலர் கையில் இருக்கிறது. அவரே அந்த நேரத்தில் கூப்பிட்டு அறிக்கை கேட்டால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலை நேரம் ஆகாது, சம்பளம் போய்விடும். அவர்களுக்கு மாலை. திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போய் மாதம் ஒருமுறை வருகிறவர்களுக்கு ஊர் கிளம்பும் முன் இரண்டு மாதத்துக்கு. இதையெல்லாம் தன்னார்வலரின் நோட்டில் பெயருக்கு எதிரே எழுதியிருந்தால் போதும்.

மாத்திரை வீட்டுக்குப் போகத் தொடங்கியதும் வேறொரு ஆபத்து வரும்: பரிசோதனை இல்லாமலே ஆண்டுக்கணக்கில் அதே மாத்திரை. நிலையத்துக்கு வரச் சொல்லும் எல்லையைத் தாளில் அச்சடித்துத் தன்னார்வலர் கையில் கொடுத்துவிட வேண்டும். பிரஷரில் மேல் அளவு 180 அல்லது கீழ் அளவு 110ஐத் தொட்டால், சுகர் 70க்குக் கீழோ 300க்கு மேலோ போனால், ஆறாத கால் புண் இருந்தால், அன்றே டாக்டரிடம். நெஞ்சு வலி, ஒரு பக்கம் இழுப்பு என்றால் நேராக 108. இதெல்லாம் இல்லாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் டாக்டர் முன் ஒருமுறை வந்தே ஆக வேண்டும். அந்தத் தேதி நோயாளியின் அட்டையில் இருக்க வேண்டும்.

சிலர் சத்தமில்லாமல் நிறுத்திவிடுவார்கள். அம்லோடிபினில் கணுக்கால் வீங்கும். இன்னொரு பிரஷர் மாத்திரையான எனலாப்ரிலில் வறட்டு இருமல் வரும். வேளைக்குச் சாப்பிடாத வயதான அம்மாவுக்கு கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரை மயக்கத்தைக் கொண்டுவரும். 'மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா' என்று கேட்டால் எல்லோரும் 'ஆமாம்மா' என்பார்கள். 'பழைய மாத்திரை அட்டையைக் காட்டுங்க' என்று கேட்டு, மீதி மாத்திரையை எண்ண வேண்டும்.

அளவெடுப்பதிலும் ஒரு கண் வேண்டும். பிரஷர் என்றால் ஐந்து நிமிடம் உட்கார வைத்து, கால் தரையில் ஊன்றி, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க எடுக்க வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் அளவு பொய்யாக ஏறும். சுகர் பார்க்கும் முன் விரல் கழுவாவிட்டால் சற்றுமுன் தின்ற மாம்பழத்தையும் சேர்த்துத்தான் கருவி படிக்கும். சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப் டப்பா மூடி திறந்தே கிடந்தால் ஈரம் பட்டு ஸ்ட்ரிப் கெடும். பதிவேட்டைப் புரட்டும்போது கடைசி இலக்கத்தைப் பாருங்கள். டிஜிட்டல் கருவி 137, 84 என்று கண்டபடி காட்டும். ஒரு பக்கம் முழுக்க 130/80, 120/80, 140/90 என்று பூஜ்யமாகவே வந்தால் அங்கே கருவி பையைவிட்டு வெளியே வரவில்லை. திட்டிப் பயனில்லை, பெரும்பாலும் பேட்டரி தீர்ந்திருக்கும், அல்லது தினசரி இலக்கு நடந்து முடிக்க முடியாத அளவுக்கு வைக்கப்பட்டிருக்கும்.

நோட்டு ஒன்று, செயலி ஒன்று என்று இரண்டிலும் எழுதச் சொன்னால் ஒன்று நிச்சயம் பொய்யாகும். எதை நிறுத்துவது என்று தலைமை முடிவெடுத்து, நிறுத்தியதை எழுத்தில் தர வேண்டும். புதிதாக ஒன்றைச் சேர்க்க எல்லா அதிகாரிகளுக்கும் கை வரும், எடுக்கத்தான் வராது.

மாத அறிக்கையில் 'இத்தனை பேருக்குக் கொடுத்தோம்' என்ற எண்ணிக்கையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பதிவானவர்களில் கடந்த மூன்று மாதத்தில் பிரஷர் 140/90க்குக் கீழே இருந்தவர் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும். அந்த மூன்று மாதத்தில் கண்ணிலேயே படாதவரையும் கட்டுப்பாட்டில் இல்லாதவராகத்தான் எண்ண வேண்டும். வந்தவர்களை மட்டும் எண்ணினால் விழுக்காடு அழகாக இருக்கும், வராதவர் ஒருநாள் பக்கவாதத்தோடு ஜிஎச்சில் படுத்திருப்பார். இப்படி எண்ணத் தொடங்கிய முதல் மாதம் எண் சரியும். அது சரியும் என்று மாவட்டத்துக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

இத்தனைக்கும் பிறகு பட்டியலில் குறைவாக இருப்பவர்கள் 30 முதல் 50 வயது ஆண்கள். தன்னார்வலர் பகலில் போகிறார், அவர்கள் பகலில் வீட்டில் இல்லை. பால் சொசைட்டியில் காலை ஆறு மணிக்கு ஒரு மேசை போட்டால் கூடுவார்கள். டீ குடிக்கும் முன் பிடித்தால் வெறும் வயிற்றுச் சுகரே கிடைக்கும். 126ஐத் தாண்டினால் இன்னொரு நாள் ஆய்வகத்தில் உறுதி செய்ய வேண்டும். அளவு கூடியிருப்பவருக்கு அங்கேயே அட்டை எழுதி, அந்த வாரத்திலேயே ஒரு மாலை நேரத்தைக் குறித்துக் கொடுக்க வேண்டும், அந்த மாலை டாக்டரும் இருக்க வேண்டும். 'அப்புறம் வாங்கண்ணே' என்று அனுப்பிவிட்டால், பரிசோதித்தவர் கணக்கில் ஒன்று கூடும், அவ்வளவுதான்.